நல்ல பாம்பு நல்லதா?

பொழுது இன்னும் விடியவில்லை. பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுகிறார்கள். ஒருவர் உள்ளூர்க்காரர். வயதானவர். மற்றவர் வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த வாலிபர். அவர் தமிழ் பேசத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

திடீரென்று பெரியவர் கூவுகிறார்.

"மக்கா, நல்ல பாம்பு!"

வாலிபர் என்ன செய்வார்?

'நல்ல' என்ற சொல் அவருக்குத் தெரியும். அவர் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. நல்ல சாப்பாடு, நல்ல முதலாளி, நல்ல சம்பளம். அப்படியானால் நல்ல பாம்பு? கடிக்காத, சாதுவான பாம்பாகத்தான் இருக்க வேண்டும்! இப்படி நினைத்து, சிரித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தால் அவர் கதி என்ன?

இது நாம் கற்பனையாகச் சொன்ன காட்சிதான். ஆனால் நடக்கவே முடியாத காட்சி அல்ல.

நாமோ பிறந்தது முதல் 'நல்ல', 'நல்ல' என்று சொல்லி வருகிறோம். காலையில் எழுந்து இரவு படுப்பதற்குள் எத்தனை முறை சொல்கிறோம் என்று யாராவது எண்ணியது உண்டா? ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரே பொருள்தானா? இல்லை! தண்ணீரோடு சேர்ந்தால் ஒரு பொருள். எண்ணெயோடு சேர்ந்தால் வேறு பொருள். மழையோடு சேர்ந்தால் இன்னொரு பொருள். பாம்போடு சேர்ந்தாலோ உயிருக்கே ஆபத்தான பொருள்!

தமிழ் நமக்குத் தாய்மொழி. ஆகவே இது நமக்குக் குழப்பமாகத் தெரிவதில்லை. புதிதாகத் தமிழ் கற்கிறவரை நினைத்துப் பாருங்கள்!

பல பேச்சு கலந்த ஊர்

இந்தச் சங்கதியைப் பேசுவதற்குப் பேச்சிப்பாறையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

பேச்சி என்பது அம்மனின் பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் ஊர் இருக்கிறது. இங்கே கோதையாற்றைத் தடுத்துக் கட்டிய அணை, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உயிர் கொடுக்கிறது. அணை வேலை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். மன்னர் ஸ்ரீமூலம் திருநாள். அணையைக் கட்டிய என்ஜினீயர் மிஞ்சின் என்பவர்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகவே இங்குள்ள பேச்சில் தமிழும் மலையாளமும் கைகோத்து நடக்கும். மலையில் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சு ஒரு விதம்.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறீமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் பல குடும்பங்களுக்குக் குமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுக்கப்பட்டது. அவர்கள் பேச்சு இன்னொரு விதம்.

இப்போது வடநாட்டுத் தொழிலாளர்களும் தமிழ்நாடு முழுவதும் வந்திருக்கிறார்கள். அவர்கள் புத்தகம் வைத்துத் தமிழ் படிக்கவில்லை. கடையிலும் வேலை இடத்திலும் காதால் கேட்டே கற்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். அங்கேதான் வருகிறது வம்பு!

ஒரு சின்னச் சாவி

இந்தப் பூட்டைத் திறக்க எளிய சாவி ஒன்று உண்டு. 'நல்ல' என்ற சொல் வரும் இடத்தில் எல்லாம், 'இதற்கு எதிர் என்ன?' என்று கேளுங்கள். எதிர்ச்சொல் தெரிந்தால் பொருள் தானாகத் தெரிந்துவிடும்.

நல்ல பையன். இதற்கு எதிர் என்ன? கெட்ட பையன். ஆகவே இங்கே 'நல்ல' என்பது குணத்தைச் சொல்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த பொருள்.

நல்ல நேரம். இதற்கு எதிர் என்ன? ராகு காலம். நாட்காட்டியில் தினமும் பார்க்கிறீர்களே! இங்கே 'நல்ல' என்பது மங்கலத்தைச் சொல்கிறது.

இந்தச் சாவியை எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் சமையல் அறைக்குப் போவோம்.

நல்லமிளகும் வத்தல்மிளகும்

இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பத் தலைவி, பேச்சிப்பாறைப் பக்கத்துக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணாச்சி, கால் கிலோ மிளகு கொடுங்க."

"எந்த மிளகு தாயி? வத்தல்மிளகா, நல்லமிளகா?"

அந்த அம்மாள் திகைத்துப் போவார். 'மிளகில் நல்லது கெட்டது உண்டா? கெட்ட மிளகைக்கூட இந்தக் கடையில் விற்கிறார்களா?'

கடைக்காரர் சொன்னது அது அல்ல. குமரி மாவட்டத்தில் காய்ந்த மிளகாய்க்கு 'வத்தல்மிளகு' என்று பெயர். பச்சை மிளகாய் 'பச்சைமிளகு'. ஊசி போல் சிறிதாக இருந்து நாக்கைச் சுடுவது 'காந்தாரிமிளகு'. ரசத்தில் போடுகிற கறுப்பு மிளகுக்குத்தான் 'நல்லமிளகு' என்று பெயர். இந்த மலைப் பக்கத்தில் மரத்தைச் சுற்றிப் படர்ந்து காய்க்கும் கொடி மிளகுதான் அது.

ஏன் இந்தப் பெயர்? இதற்குப் பின்னால் ஓர் உலகக் கதையே இருக்கிறது.

மிளகாய் நம் நாட்டுச் சரக்கு அல்ல! அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது. 1492-இல் கொலம்பஸ் மிளகும் மற்ற வாசனைப் பொருள்களும் கிடைக்கும் இந்தியாவைத் தேடிக் கடலில் புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததோ அமெரிக்கா. அங்கே மிளகு இல்லை. மிளகாய் இருந்தது. அதுவும் காரம், இதுவும் காரம். ஸ்பெயின்காரர்கள் மிளகின் பெயரையே கொஞ்சம் மாற்றி மிளகாய்க்கும் வைத்துவிட்டார்கள். மிளகுக்கு அவர்கள் மொழியில் 'பிமியென்ட்டா'. மிளகாய்க்கு 'பிமியென்ட்டோ'.

1498-இல் போர்ச்சுக்கீசியரான வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கினார். அதன் பிறகு போர்ச்சுக்கீசியர் மூலம் மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. நம் ஜனங்களும் ஸ்பெயின்காரர்கள் செய்ததையே செய்தார்கள். மிளகு போல் காரமான காய், ஆகவே 'மிளகாய்' என்றார்கள். தென்கோடியிலோ அதையும் 'மிளகு' என்றே அழைத்தார்கள். அப்படியானால் பழைய மிளகை எப்படிப் பிரித்துச் சொல்வது? 'அது வந்த மிளகு, இது நம்முடைய அசல் மிளகு' என்று காட்ட 'நல்ல' என்ற சொல் உதவிக்கு வந்தது.

எதிர்ச்சொல் என்ன? வத்தல்மிளகு. ஆகவே இங்கே 'நல்ல' என்றால் 'அசல்' என்று பொருள்.

நல்லெண்ணெயும் இப்படித்தான். எள்ளின் நெய்தான் எண்ணெய். எள் என்ற சொல்லும் நெய் என்ற சொல்லும் சேர்ந்து 'எண்ணெய்' ஆயின. முதலில் எண்ணெய் என்றாலே எள்ளில் எடுத்ததுதான். பிறகு தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் எடுத்ததை எல்லாம் எண்ணெய் என்று அழைத்தோம். உடனே அசல் எண்ணெய்க்கு 'நல்லெண்ணெய்' என்று பெயர் வந்தது. மற்ற எண்ணெய் எல்லாம் கெட்டது என்று பொருள் அல்ல. குமரி மாவட்டத்து அடுப்பில் தேங்காய் எண்ணெய் மணக்காமல் சமையல் உண்டா?

நல்ல தண்ணீர், நல்ல வெள்ளம்

சமையல் அறையிலிருந்து கிணற்றடிக்குப் போவோம்.

கடற்கரை ஊர்களில் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள், "இது உப்புத் தண்ணீர், அந்தக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர்" என்பார்கள். எதிர்ச்சொல் கிடைத்துவிட்டது. உப்புத் தண்ணீருக்கு எதிரானது நல்ல தண்ணீர். அதாவது உப்புக் கரிக்காத தண்ணீர்.

இதை வீட்டில் உள்ள எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் உப்பு இல்லாத தண்ணீர் என்று மட்டுமே பொருள். கிருமி இல்லாத தண்ணீர் என்று பொருள் அல்ல! மலையிலிருந்து பளிங்கு போல் இறங்கி வரும் ஆற்று நீரும் நல்ல தண்ணீர்தான். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கலாம். வாந்தியும் பேதியும் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் இப்படிப்பட்ட 'நல்ல' தண்ணீரிலிருந்தே வருகின்றன. பெயரை நம்பிக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

குமரி மாவட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கே குடிக்கும் தண்ணீருக்கு 'வெள்ளம்' என்று பெயர். "கொஞ்சம் வெள்ளம் தா மக்களே" என்று ஒரு பாட்டி கேட்டால், செம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். மதுரையிலோ தஞ்சையிலோ வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போகும் பெரு நீர்!

"எங்கள் ஊரில் நல்ல வெள்ளம்" என்று பேச்சிப்பாறைக்காரர் பெருமையோடு சொன்னால், மதுரைக்காரர் பதறிப் போவார். "ஐயோ! உயிர்ச் சேதம் உண்டா?" என்று கேட்பார். இருவர் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் இந்தக் குழப்பம்! அப்படியிருக்கப் புதியவர் குழம்புவதில் என்ன ஆச்சரியம்?

நல்ல மழை யாருக்கு நல்லது?

மதுரைக்காரர் 'நல்ல வெள்ளம்' என்பதைப் 'பெரு வெள்ளம்' என்று எடுத்துக்கொண்டாரே, அதைக் கவனித்தீர்களா? 'நல்ல' என்ற சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு.

"நேற்று நல்ல மழை." எதிர்ச்சொல் என்ன? கெட்ட மழை அல்ல. தூறல்! ஆகவே இங்கே 'நல்ல' என்றால் 'பலத்த' என்று பொருள்.

அந்த மழை எல்லோருக்கும் நன்மை செய்ததா? அதைப் பற்றி இந்தச் சொல் ஒன்றும் பேசவில்லை. அணை நிறைந்தால் நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு மகிழ்ச்சி. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கோ கவலை. மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டும் வேலை நடக்காது. வெட்டினாலும் பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்து வீணாகும். விவசாயியும் 'நல்ல மழை' என்கிறார். இவரும் 'நல்ல மழை' என்கிறார். ஒருவர் சிரித்துக்கொண்டு சொல்கிறார். மற்றவர் பெருமூச்சு விட்டுச் சொல்கிறார்.

2021 நவம்பரில் குமரி மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்தது. அன்றும் நம் வாயில் வந்தது 'நல்ல மழை' என்ற சொல்தான்!

இதே போலத்தான் 'நல்ல அடி', 'நல்ல வெயில்', 'நல்ல பசி' எல்லாம். "குழந்தைக்கு நல்ல காய்ச்சல்" என்று தாய் சொன்னால் அதற்கு எதிர் 'லேசான காய்ச்சல்'. ஆகவே கடுமையான காய்ச்சல் என்று பொருள். தமிழ் புதிதாகக் கற்ற டாக்டரோ நர்சோ இதைக் கேட்டு, 'பரவாயில்லை, நல்ல காய்ச்சல்தானே' என்று இருந்துவிட்டால் என்ன ஆகும்?

நல்ல ஆள் ஐயா நீர்!

இன்னொரு வேடிக்கை.

மாலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போன கணவர் இரவு பத்து மணிக்கு வருகிறார். மனைவி கதவைத் திறந்து, "நல்ல ஆள்தான் நீங்க!" என்கிறார். கணவர் மகிழ்ச்சி அடைவாரா?

இங்கே 'நல்ல' என்ற சொல்லே தனக்கு எதிர்ச்சொல்லாக மாறிவிட்டது! 'நல்ல கதையாக இருக்கிறதே!', 'நல்ல நியாயம் ஐயா!' என்பவையும் இந்த ரகம்தான். இதை எந்த அகராதியைப் பார்த்தும் கற்க முடியாது. பேசுகிறவரின் குரலைக் கேட்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும்.

பேச்சை முடிக்கும்போதும் இந்தச் சொல் வரும். "நல்லது, வரட்டுமா?" என்று எழுந்திருப்பார் விருந்தாளி. அங்கே 'நல்லது' என்பது விடை கேட்பது மட்டுமே.

ஸ்பெயினிலும் இதே கதை

தமிழ்தான் இப்படிப் பாடாய்ப்படுத்துகிறது என்று எண்ண வேண்டாம். மிளகாய்க்கு மிளகின் பெயரை வைத்தார்களே ஸ்பெயின்காரர்கள், அவர்கள் மொழியிலும் இதே கதைதான்.

'நல்ல' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'புவேனோ' என்று பெயர். ஸ்பெயினில் மட்டும் அல்ல, தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் பல நாடுகளில் பேசப்படும் மொழி அது. அர்ஜென்டைனாவின் தலைநகர் புவேனஸ் அயர்ஸ். அந்தப் பெயருக்கு 'நல்ல காற்று' என்று பொருள்.

ஸ்பானிய மொழியில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒரு சொல்லோடு புவேனோ சேர்ந்தால், இயல்பாகவே நல்லது என்று பொருள். மற்ற சொல்லோடு சேர்ந்து சாப்பாட்டைப் பற்றி வந்தால், ருசியாக இருக்கிறது என்று பொருள். மெக்சிக்கோவில் போன் மணி அடித்தால், எடுத்தவர் "புவேனோ?" என்பார். நாம் 'ஹலோ' சொல்வது போல! பேச்சைத் தொடங்கும்போது 'சரி' என்பதற்கும் புவேனோதான். 'நல்ல அடி' என்று நாம் சொல்வதை அவர்களும் அப்படியே 'நல்ல அடி' என்றுதான் சொல்கிறார்கள்.

உலகில் எங்கும் இப்படித்தான். அதிகம் புழங்கும் காசு தேய்கிறது. அதிகம் புழங்கும் சொல்லோ வளர்கிறது. மேலும் மேலும் பொருள் அதோடு ஒட்டிக்கொள்கிறது.

பயத்தில் பிறந்த பெயர்

இப்போது பாம்புக்கு வருவோம்.

சாவியைப் போட்டுப் பாருங்கள். நல்ல பாம்புக்கு எதிர் என்ன? கெட்ட பாம்பு என்று ஒரு பாம்பு உண்டா? உப்புப் பாம்பு உண்டா? லேசான பாம்பு உண்டா? இல்லை! சாவி திரும்பவில்லை.

எதிர்ச்சொல் இல்லாத இடத்தில் 'நல்ல' என்பது ஒரு குணத்தைச் சொல்லவில்லை. இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டன. படம் எடுத்து ஆடும் நாகத்தின் பெயர் அது.

கொடிய விஷம் உள்ள பாம்புக்கு ஏன் நல்ல பெயர்? பயமும் பக்தியும்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாகத்தைத் தெய்வமாகக் கும்பிடும் நாடு இது. நாகராஜா கோவிலால்தானே நாகர்கோவிலுக்கே அந்தப் பெயர் வந்தது! இரவு நேரத்தில் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். பயப்படும் பொருளை நல்ல பெயர் சொல்லி அழைத்தால் அது தீங்கு செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஒரு முனை உண்டு. 1488-இல் அங்கே போன போர்ச்சுக்கீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ், அதற்குப் 'புயல் முனை' என்று பெயர் வைத்தார் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் யார் கப்பல் ஏறுவார்கள்? அரசர் அதை மாற்றி 'நன்னம்பிக்கை முனை' என்று வைத்தார். பெயர் மாறியது. ஆனால் புயல் மாறவில்லை!

நல்ல பாம்பின் விஷமும் அப்படித்தான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. அதிகம் பேரைக் கொல்லும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நால்வரில் 'நல்ல' பெயர் வாங்கியவர் ஒருவர் மட்டுமே!

கடிபட்டால் கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு ஊசிதான் மருந்து.

நாம் செய்ய வேண்டியது என்ன?

தமிழ் கற்க வந்தவர் மேல் மட்டும் பொறுப்பைப் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கற்பவருக்கு ஒரு கடமை இருந்தால், பேசுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு.

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ கடையிலோ வெளியூர்க்காரர் வேலை செய்கிறாரா? இன்றே அவரை அழைத்து உட்கார வையுங்கள். நல்ல பாம்பின் படத்தைக் காட்டுங்கள். "இதன் பெயர் நல்ல பாம்பு. ஆனால் நல்லது அல்ல. விஷம்!" என்று சொல்லிக் கொடுங்கள். நல்ல தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கற்றுக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். காப்பாற்றுவதோ ஓர் உயிரை!

உங்கள் குழந்தைகளுக்கும் இந்த எதிர்ச்சொல் விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள். நல்ல நாளுக்கு எதிர் என்ன? நல்ல வெயிலுக்கு எதிர் என்ன? பிள்ளைகள் போட்டி போட்டுப் பதில் சொல்வார்கள். விளையாட்டாகவே மொழியும் வளரும்.

பேச்சிப்பாறைத் தோட்டத்து இருட்டில் அந்த வாலிபரை அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோமே! பெரியவர் மறுபடியும் ஒரு முறை கூவட்டும். இந்த முறை இப்படிக் கூவட்டும்:

"நில்லு மக்கா! பாம்பு! விஷப் பாம்பு!"

வாலிபர் சட்டென்று நிற்பார். பாம்பு தன் வழியே போய்விடும். இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள்.

அப்போது அந்தப் பெரியவர் சொல்லக்கூடிய வார்த்தையும் அதுதான்: "நல்லவேளை!"